ஐவர் இருந்தோம்: செக் மொழியின் சிற்றூர் நகைச்சுவை

நகை பிறக்கும் நிலைக்களம் நான்கு எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தனர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலும் எள்ளலின்பாற்படும். சிறுபிள்ளைத்தன்மை கண்டு பிறக்கும் நகை இளமையின்பாற்படும். பேதைமையும் மடனும் கேட்ட அளவில் ஒன்று போலத் தோன்றும்; ஆயினும் ஒன்றல்ல. அறியாமை பேதைமை. பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதைப் பின் எவ்வாற்றானும் விடாதிருத்தல் மடன். இவ்வேறுபாட்டை வகுப்பிற் கேட்டபொழுது உரையாசிரியர்களின் கூர்த்த மதிக்கு இஃதோர் எடுத்துக்காட்டு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேனேயன்றி, தேர்வுத்தாளுக்கு வெளியே இதற்கு ஒரு பயன் உண்டென்று நான் எண்ணினேனல்லேன். செக் மொழிக் கதைகள் சிலவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்த பின்னரே, ஓர் ஊரில் மனிதன் வாழ்வதும் மாள்வதும் இந்த வேறுபாட்டின்மேல் நிற்கக்கூடும் என்பது எனக்கு விளங்கிற்று. அக்கதைகளைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன்.

செக் மக்கள் வாழும் நாடு ஐரோப்பாவின் நடுவில் உள்ள சிறு நாடு. பொஹீமியா என்பது அதன் பெரும்பகுதிக்குப் பழம்பெயர். 1620-ஆம் ஆண்டில் வெண்மலைப் போரில் அந்நாட்டுப் பிரபுக்கள் தோற்றனர். அதன்பின் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சி அங்கு வலுப்பெற்றது. சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தோர் நாட்டைவிட்டு அகன்றனர். கல்வியுலகம் போற்றும் கொமேனியஸ் அவ்வாறு அகன்றவர்களுள் ஒருவர். நாளடைவில் அரசாங்கத்துக்கும் உயர்குடி மாளிகைக்கும் உரிய மொழி ஜெர்மன் ஆயிற்று. செக் மொழி வயலுக்கும் சமையலறைக்கும் சந்தைக்கும் உரியதாய் ஒடுங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிஞர் சிலர் அதனை மீண்டும் இலக்கிய மொழியாக நிமிர்த்த முற்பட்டபொழுது, அம்மொழியில் பாடுதற்கு அரசவை இல்லை, சேனாபதிகளும் இல்லை. மாவுக் கடைக்காரர், ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர், வாடகைக்குக் குடியிருக்கும் கைம்பெண், மதுச்சாலையில் ஒரே நாற்காலியில் இருபது ஆண்டு அமர்ந்தவர் ஆகிய இவர்களே இருந்தனர். காவியத்துக்கு இடமில்லாத இடத்தில் நகைச்சுவை செழித்தது என்று சொல்லலாம். இஃது என் துணிபு, மறுப்பார் மறுக்கலாம்.

இத்துறையில் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் யான் நெருதா என்பவர். 1834-இல் பிராகு நகரில் பிறந்து 1891-இல் மறைந்தவர். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருதா தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் இவருடையதே என்பர். பிராகு நகரின் அரண்மனைக் குன்றுக்குக் கீழே 'மாலா ஸ்த்ரானா' என்றொரு பகுதி உண்டு. 'சிறுபுறம்' என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். பெயருக்கு அது தலைநகரின் ஒரு பகுதியே. ஆயினும் ஒருவர் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது என்பதை மற்றொருவர் அறிந்திருக்கும் வகையில் அது சிற்றூரே. அப்பகுதி மாந்தரைப் பற்றி நெருதா எழுதிய கதைகள் 1878-இல் ஒரு நூலாக வெளிவந்தன. பிற்காலத்துச் செக் நகைச்சுவைக்கெல்லாம் அந்நூல் ஊற்றுக்கண்.

அவற்றுள் ஒரு கதையை மட்டும் சற்று விரித்துக் கூறுவேன். ஓரல் என்பவர் வெளியூரார். மாவரைப்போர் குடியிற் பிறந்தவர். சிறுபுறத்துத் தெரு ஒன்றில், இதற்கு முன் கடை என்பதே இருந்திராத ஒரு வீட்டில், மாவும் நொய்யும் விற்கும் கடை திறக்கின்றார். ஊரார் வியக்கின்றனர், கடைக்குள் அடி வைப்பார் இலர். வேலையின்மையால் அவர் கடல்நுரைக்கல் எனப்படும் வெண்கல்லாற் செய்த சுங்கானைப் பற்றவைத்துப் புகைத்துக்கொண்டிருக்கின்றார். முதற்கண் வந்தவள் படைத்தலைவர் ஒருவரின் மகள். அவள் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே போய், ஓரல் கடை மாவில் புகை நாறுகின்றது என்று ஒரு சொல் சொல்லுகின்றாள். அவ்வளவே. அன்று முதல் அவர் 'புகைபிடித்த மாவுக்காரர்' ஆயினர். ஆள் வரவில்லை, ஆள் வாராமையால் மேலும் புகைத்தார், மேலும் புகைத்தமையால் ஊர் சொன்னது மெய்யாயிற்று. கடன் முற்றிக் கடை மூடப்படவேண்டிய நாளில், பூட்டிய கடைக்குள் அவர் தூக்கிட்டு மாண்டுகிடக்கக் காண்கின்றனர். விசாரணைக்கு வந்த காவல் அதிகாரி பிணத்தின் சட்டைப்பையிலிருந்து சுங்கானை எடுத்து, இத்துணை அழகாகப் புகைத்துப் பழுக்கவைத்த சுங்கானைத் தாம் கண்டதேயில்லை என்று சுற்றி நின்றோர்க்குக் காட்டுகின்றார். கதை அங்கே முடிகின்றது.

முதன்முறை படித்தபொழுது கடைசி வரியில் நான் நகைத்தேன். நகைத்த பின் வாய் தானே மூடிக்கொண்டது. எங்கள் ஊரில் ஓர் எண்ணெய்க் கடைக்காரரைப் பற்றி எவரோ ஒரு சொல் சொல்ல, தெரு முழுவதும் வேறு கடைக்குச் சென்றது எனக்கு நினைவு வந்தது. தூக்குப் பாத்திரத்தோடு அவர் கடையைத் தாண்டி அடுத்த தெருவுக்குச் சென்ற சிறுவர்களுள் நானும் ஒருவன். அந்தச் சொல்லை முதலிற் சொன்னவர் யார் என்று இன்றுவரை ஒருவரும் அறியார்.

மற்றொரு கதையில் வொய்தீஷெக் என்னும் முதிய பிச்சைக்காரர் வருகின்றார். ஊரே அவரிடம் அன்பு கொண்டது. பிச்சைக்காரி ஒருத்தி தன்னோடு கூடி வாழும்படி அவரை அழைக்கின்றாள், அவர் இசையவில்லை. உடனே, அவருக்கு வேறிடத்தில் சொந்த வீடுகள் உண்டென்று ஒரு பேச்சு எழுகின்றது. இடுவோர் கை மடங்குகின்றது. குளிர்காலத்து விடியலில் அவர் விறைத்துக் கிடக்கின்றார். மேலங்கியின் உள்ளே ஒரு சட்டையும் இல்லை. இவ்விரு கதையிலும் கொடியவர் என்று ஒருவரைச் சுட்டிக் காட்டுதல் அரிது. யாவரும் நல்லவர், ஆலயத்துக்குச் செல்பவர். பேதைமையால் அன்று, மடனால் அவர்கள் கொன்றனர். கேட்டதைப் பற்றினர், பற்றியதை விட்டாரிலர். பேதைமைக்கு மருந்து கல்வி. மடனுக்கு மருந்து இன்னதென்று நெருதா கூறவில்லை.

நெருதாவுக்குப் பின் வந்தோர் பலர். விளாதிஸ்லாவ் வன்ச்சுரா 1926-இல் எழுதிய 'கோடைக்காலத்து விளையாட்டு' போன்ற குறுநாவலில், நீராட்டுக்குப் பேர்போன ஒரு சிற்றூரின் மூன்று நடுவயதினர், ஊருக்கு வந்த வித்தைக்காரனுடைய துணைவியின்பின் மனத்தை ஓட்டி அலமருகின்றனர். பொகுமில் ஹிராபல், தாம் சிறுவனாய் வளர்ந்த நிம்பர்க் என்னும் ஊரின் மதுவடிசாலையைக் களமாகக்கொண்டு எழுதிய நூல் 1976-இல் அச்சேறிற்று. தம் தாயாரே கதை சொல்வதாக அதனை அமைத்தார். இருவரும் பெரிய கலைஞர். எனினும் என் நெஞ்சைப் பிணித்தவர் இவ்விருவருக்கும் இடைப்பட்ட ஒருவர். அவர்தாம் கரெல் போலாச்செக்.

போலாச்செக் 1892-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கிழக்குப் பொஹீமியாவில் மலையடிவாரத்தில் உள்ள ரிக்நொவ் என்னும் சிற்றூரில் யூத வணிகர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையில் இருந்து மீண்டு, பத்திரிகைத் தொழிலில் புகுந்தார். அவருக்கு அங்குக் கிட்டிய வேலைகளுள் ஒன்று நீதிமன்றச் செய்தி எழுதுதல். கொலை வழக்கன்று, கோழி வழக்கு. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் ஏசியது, குடியிருப்பவர் வாடகை கொடாதது, மதுச்சாலையில் நாற்காலி உடைந்தது ஆகிய இவற்றைக் கேட்டுக் கேட்டு அவர் செவி கூர்மையுற்றது. சாட்சிக் கூண்டில் ஏறியவுடன் எளிய மனிதன் தன் வீட்டு மொழியை விட்டுச் சட்டப் புத்தக மொழியைப் பேச முயல்வதை அவர் நாள்தோறும் கண்டார். 1934-இல் பத்திரிகைச் சொல்லகராதி ஒன்றும் வெளியிட்டார். செய்தித்தாள்களில் தேய்ந்துபோன சொற்றொடர்களைத் திரட்டி அடுக்கி நகையாடும் அகராதி அது. அவர் நம் கல்லூரி மலரின் மன்ற அறிக்கைகளைப் பார்த்திருப்பின், 'கூட்டம் இனிது நிறைவெய்தியது' என்பதற்குத் தனிப்பக்கம் ஒதுக்கியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. நிறைவெய்தாத கூட்டம் ஒன்றேனும் நம் மலரில் பதிவாகவில்லை.

1931-இல் அவர் எழுதிய, பந்தாட்டப் பித்தரைப் பற்றிய நாவல் அவ்வாண்டே திரைப்படமும் ஆயிற்று. 1936 முதல் 1939 வரை, முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில் ஒரு மாவட்டத் தலைநகரச் சிற்றூர் எவ்வாறு வாழ்ந்தது என்பதை நான்கு பகுதிகளாக எழுதி வெளியிட்டார். அவற்றில் எள்ளல் மிகுதி. சில இடங்களில் அது கசப்பாகவும் திரிகின்றது. கடைசியாக எழுதிய நாவலோ முற்றிலும் வேறு. அதன் பெயர் 'பிலோ நாஸ் பியெத்'. இந்தப் பெயரின் முன் இலக்கண மாணவன் சிறிது நின்று போதல் வேண்டும்.

செக் மொழியில் 'நாங்கள் நால்வர் இருந்தோம்' என்று சொல்ல, நாம் சொல்வது போலவே தன்மைப் பன்மை வினை வரும். ஐவர் ஆயினவுடன் இலக்கணம் மாறிவிடுகின்றது. ஐந்து முதலாக எண்ணப்படும் பொருள் ஆறாம் வேற்றுமைக்குச் செல்லும். வினையோ, அஃறிணை ஒருமை என்று நாம் சொல்லத்தக்க வடிவத்தைக் கொள்ளும். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'எங்களின் ஐந்து இருந்தது' என்றாகும். தமிழில் இவ்வாறு எழுதினால் திணைவழு, எண்வழு, இடவழு என மூன்று வழு ஒரே வாக்கியத்தில் அமையும். ஆசிரியரின் சிவப்பு மைக்குப் பெருவிருந்தாகும். செக் மொழியில் அதுவே வழாநிலை. நால்வர் வரையில் தனித்தனி மனிதர். ஐவர் ஆகிவிட்டால் ஒரு கூட்டம், ஒரு பொருள், ஒரு 'அது'. ஐந்து சிறுவர் சேர்ந்தால் அவர்கள் ஐந்து மனிதராய் நடந்துகொள்வதில்லை என்பதை எந்தத் தாயைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வாள். ஆங்கிலத்தில் இதனை 'வீ வேர் எ ஹேண்ட்ஃபுல்' என்று பெயர்த்தனர். ஒரு கையளவு என்றும், அடக்க இயலாத பிள்ளைகள் என்றும் அத்தொடர் இருபொருள் தரும். நல்ல பெயர்ப்பே. எனினும் மூலத்தில் உள்ள அந்த அஃறிணை ஒருமை அதில் இல்லை.

கதை சொல்பவன் பெத்தர் பைசா என்னும் சிறுவன். தமிழ் எழுத்தில் எழுதினால் அவன் குடிப்பெயர் நாணயத்தின் பெயராகிவிடுகின்றது; பலசரக்குக் கடைக்காரர் மகனுக்கு அது பொருந்தாமலும் இல்லை. அவனுடைய தோழர் நால்வர்: பெய்வல், யிர்சாக், கெம்லிங்க், ஸில்வர். ஐந்தாமவனான ஸில்வர் ஊர் ஏழையர் விடுதியில் வளர்பவன். பெத்தர் அவனைக் குறிக்கும்பொழுதெல்லாம் 'ஏழையர் விடுதி ஸில்வர்' என்றே குறிக்கின்றான். இகழ்ச்சியாக அன்று, 'வில்லுக்கு விசயன்' என்று நாம் சொல்வது போல அவனுக்கு அஃது ஓர் அடைமொழி. நகைச்சுவை நூல் வறுமையை மறைத்துவிடும் என்று சொல்வோர் இவ்வடைமொழியைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் அதைப் பற்றி ஒரு சொற்பொழிவும் செய்யவில்லை. ஆனால் அந்தச் சிறுவன் பெயரிலிருந்து அந்த விடுதியை ஓரிடத்தும் கழற்றிவிடவும் இல்லை.

நிகழ்ச்சிகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்துக் குடியிருப்புச் சிறுவரோடு போர். போருக்குப் பின் உடன்படிக்கை. உடன்படிக்கைக்குப் பின் போர். இனிப்புக் கடைக்காரரின் மகள்மீது பெத்தருக்கு ஓர் ஈடுபாடு. அவ்வீடுபாட்டில் இனிப்புக்கு எத்துணைப் பங்கு, பெண்ணுக்கு எத்துணைப் பங்கு என்று பிரித்தறிதல் அரிது. வீட்டு வேலைக்காரி கிறிஸ்தினாவோடு ஓயாத பூசல். பிள்ளைகள் கெட்டுப்போவதாக ஊர் முழுவதும் முறையிட்டுத் திரியும் முதியவர் ஒருவர். இனி, ஊருக்கு வரும் சர்க்கஸ்.

இவற்றை நகைச்சுவையாக்குவது சிறுவனின் மொழி. செக் மொழியிலும் நம் மொழியைப் போல எழுதும் மொழி வேறு, பேசும் மொழி வேறு. அங்கு அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. சீர்திருத்தத் திருச்சபையினரான 'சகோதரர் ஐக்கியம்' என்பார், மூலமொழிகளிலிருந்து வேதாகமத்தைச் செக் மொழியில் பெயர்த்து, க்ராலிட்ஸ் என்னும் ஊரில் 1579 முதல் 1594 வரை ஆறு பகுதிகளாக அச்சிட்டனர். அடக்குமுறைக் காலத்தில் குடும்பங்கள் அதனை ஒளித்துவைத்துப் படித்தன. பின்னர் 1809-இல் யோசெப் தொப்ரொவ்ஸ்கி விரிவான இலக்கணம் எழுதியபொழுது, இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தப் பதினாறாம் நூற்றாண்டு நடையையே செவ்விய வழக்காகக் கொண்டார். மக்கள் நாவோ அதற்குள் நெடுந்தொலைவு சென்றுவிட்டது. இவ்வாறு வேதாகமத்தின் மொழி பள்ளிக்கூடத்தின் மொழியாய், சந்தையின் மொழி வேறாய் நின்றது.

பெத்தர் பைசா தன் கதையை எழுத அமர்ந்தவுடன், நூல் என்றால் நூல்மொழியில்தான் எழுதவேண்டும் என்று துணிகின்றான். 'சொன்னான்' என்று எழுதவேண்டிய இடத்தில், வேதாகமத்திலும் வரலாற்று நூல்களிலும் வரும் பெருமித வினையை வைக்கின்றான். பாட்டிமார் பேச்சு, பாடப்புத்தகம், செய்தித்தாள், அரசாங்க அறிவிப்பு ஆகிய எல்லாவற்றிலிருந்தும் சொற்களைப் பொறுக்குகின்றான். பாதி வாக்கியம் சென்றபின் மறந்துபோய்த் தெருமொழிக்கு இறங்கிவிடுகின்றான். தமிழில் இதன் சுவையை உணர்த்த நானே ஒரு வாக்கியம் புனைந்து பார்க்கின்றேன்: 'அன்னையார் எம் செவியைப் பற்றித் திருகியருளினர், யாம் ஆற்றொணாத் துயருற்று ஓலமிட்டனம், அப்புறம் முட்டாய் குடுத்தாங்க, நான் கம்முனு ஆயிட்டேன்.' இத்தகைய நடையில் முழுநூலும் செல்வதாக எண்ணிக்கொள்க. சிறுவன் நம்மை நகைப்பிக்க முயலவில்லை. அவன் முகம் கடைசி வரையில் சிரிப்பற்றே இருக்கின்றது. உயர்ந்த நடையில் எழுதுவதாகவே அவன் நம்புகின்றான். இளமையும் பேதைமையும் இங்கு ஒருங்கு நின்று நகை விளைக்கின்றன, எள்ளல் இல்லை.

சிறுவனை நகைக்கும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் இங்கு ஒப்புக்கொள்கின்றேன். இக்கட்டுரையின் நடையில் நான் என் வீட்டில் ஒரு வேளை பேசுவேனாயின், என் தாயார் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

இனி, இந்நூல் எழுதப்பட்ட காலத்தைக் கூறவேண்டும். படித்து முடித்த பின்னரே நான் இதனை அறிந்தேன். அறிந்தபின் மீண்டும் முதலிலிருந்து படித்தேன்.

1939 மார்ச்சில் ஜெர்மானியப் படை பிராகு நகருட் புகுந்தது. யூதர் என்னும் காரணத்தால் போலாச்செக் தம் பத்திரிகை வேலையை இழந்தார். மகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் தங்கிவிட்டார். தம் பெயரில் ஒன்றும் அச்சிட இயலாமையால், 1941-இல் வெளிவந்த அவருடைய நகைச்சுவை நாவல் ஒன்று அவருடைய நண்பரான விளாஸ்திமில் ராதா என்னும் ஓவியரின் பெயரைத் தாங்கிச் சென்றது. பெயரை இரவல் கொடுத்த அந்த நண்பருக்கு அது சிறு துணிவன்று. அவ்வாண்டு செப்டம்பர் முதல் யூதர் யாவரும் மஞ்சள் விண்மீன் ஒன்றை மார்பில் தைத்துக்கொண்டே வெளியிற் செல்லவேண்டும் என்று ஆணை பிறந்தது. போலாச்செக்குக்கு யூத சமூக நிலையத்தில் ஒரு வேலை கிடைத்தது. மக்கள் அகற்றப்பட்ட ஊர்களிலிருந்து வந்து குவிந்த புத்தகங்களைப் பட்டியலிடும் வேலை அது. பகலில் உரியவர் இல்லாத நூல்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த அக்கால எல்லையிலேதான், பெத்தர் பைசாவின் இந்நூலை அவர் எழுதினார்.

1943 ஜூலையில் தெரெசின் முகாமுக்குச் சென்றார். தம் வாழ்க்கைத் துணையாயிருந்த பெண்மணிக்கு ஆணை வர, அவரைத் தனியே விடாது தாமும் உடன் சென்றார் என்பர். 1944 அக்டோபரில் ஔஷ்விட்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கேயே உடன் மாண்டார் என்று நெடுங்காலம் கருதினர். வேறொரு முகாமில் அவரைக் கண்டோர் பிற்காலத்தில் சாட்சி கூறினர். 1945 ஜனவரியில், கடுங்குளிரில் கைதிகளை நடத்திச் சென்ற நாட்களில் அவர் உயிர் நீத்தார் என்பதே இன்று ஏற்கப்படுவது. நாவல் 1946-இல் வெளிவந்தது. அதன்பின் செக் நாட்டில் அதனைப் படியாத குடும்பம் அரிது. 1994-இல் தொலைக்காட்சித் தொடராகவும் எடுக்கப்பட்டது. ரிக்நொவ் ஊரில் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில் இன்று போலாச்செக்கின் நினைவகம் உள்ளது.

நண்பர் ஒருவர் இதனைக் கேட்டு என்னோடு வாதிட்டார். நாடே எரிகையில் சிறுவர் சண்டையையும் இனிப்புக் கடையையும் எழுதிக்கொண்டிருத்தல் கோழைமை அன்றோ என்றார். கண்முன் நடந்த கொடுமையைக் குறித்து ஒரு வரியேனும் எழுத வேண்டாவா என்றும் வினவினார். வினா எளியதன்று. எழுதினார் என்பது ஒரு விடை: 1943-இல் அவர் எழுதிய நாட்குறிப்பு 1959-இல் அச்சேறியது, நிகழ்ந்தவற்றை அவர் அறியாதவரல்லர். ஆனால் நாவலைப் பற்றி நான் அவருக்குச் சொன்ன விடை வேறு. நெருதாவின் ஓரல் கடையில் தொடங்கியது எங்கே போய் முடிந்தது என்று பார்க்கும்படி சொன்னேன். ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு விடாத தெரு ஓர் அயலானைக் கொன்றது. அதே மடன் ஓர் அரசின் கையில் சட்டமும் இருப்புப்பாதையும் ஆனபொழுது ஒரு மக்கட்கூட்டத்தையே கொன்றது. போலாச்செக் எள்ளலில் வல்லவர். அந்த ஊர்வாயை இருபது ஆண்டு நீதிமன்றத்திலும் சந்தையிலும் கேட்டவர். தம்மைத் துரத்திய உலகை எள்ளிப் பழிதீர்க்க அவருக்குக் கருவி இருந்தது. அதனை எடுக்காமல், தம்மையும் பிறரையும் வேறுபிரித்து அறியாத ஒரு சிறுவனின் வாயை எடுத்துக்கொண்டார். பெத்தர் பைசா மனிதரைப் பிரிப்பது ஒரே வகையில்தான்: நம் தெருச் சிறுவர், அடுத்த குடியிருப்புச் சிறுவர். அந்தப் பகையும் மாலையில் உணவுக்கு அழைக்கும் குரல் கேட்டவுடன் ஓய்ந்துவிடுகின்றது. நண்பர் இவ்விடையை முற்றும் ஏற்றாரிலர். நூலை என்னிடமிருந்து வாங்கிச் சென்றார். இன்னும் திருப்பித் தரவில்லை.

நம் நாட்டார் சிறப்பாகக் கவனிக்கத்தக்க பகுதி ஒன்று நூலின் பிற்பகுதியில் உண்டு. பெத்தருக்கு உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும் செங்காய்ச்சல் வருகின்றது. காய்ச்சலின் மயக்கத்தில் அவன் நெடுந்தூரம் பயணம் செய்கின்றான். செல்லும் நாடு இந்தியா. உடன் செல்வது ஜம்போ என்னும் யானை. அவன் காணும் இந்தியா சர்க்கஸ் கூடாரத்திலும் கதைப்புத்தகத்திலும் கண்ட இந்தியா. இங்குள்ள நாம் அதில் நம் ஊரைத் தேடினால் காண்பதற்கில்லை. ஆயினும் அதைப் படிக்கையில் எனக்குச் சினம் உண்டாகவில்லை. ரிக்நொவ் ஊரின் பலசரக்குக் கடைப் பையன், தன்னைச் சார்ந்தவர்களையும் கூட்டிக்கொண்டு, தன் ஊர்ப் பேச்சையும் ஊர்ப் பூசலையும் மூட்டைகட்டிக்கொண்டு நம் நாட்டுக்கு வருகின்றான். எழுதியவருக்கோ அந்நாளில் வேறொரு பயண ஆணை எப்பொழுது வரும் என்பதே எதிர்பார்ப்பு. அந்த அறையில் அமர்ந்து, இரயில் இல்லாத ஒரு பயணத்தை, ஒருவரையும் விட்டுவிடாத ஒரு பயணத்தை, யானைமேல் ஏற்றி அவர் அனுப்பிவைத்தார். காய்ச்சல் தணிகின்றது, பையன் கண் விழிக்கின்றான், வெளியே தோழர் காத்திருக்கின்றனர்.